யேசுதாசனுக்குப் பிள்ளை இல்லை

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. அந்த மூலைக்கு ஃபேன் காற்று வராது. இங்கே வந்து காலை நீட்டி உட்காருங்கள். சாப்பிட்டாயிற்றா எல்லோரும்? சரி. பம்மலில் இருக்கிற ஒரு மாடி வீட்டைப் பற்றிச் சொல்லப் போகிறேன். கேட்டு முடித்ததும் யார்மேல் கோபப்படுவது என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் இன்றுவரை தெரியவில்லை.

யேசுதாசன் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. லேத் பட்டறையில் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று குழாயடிக்குப் போனவர் அங்கேயே சாய்ந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயது. முதல் நாள்வரை ஒரு தலைவலி மாத்திரை கூடப் போடாத உடம்பு. அவர் பெண்டாட்டி ரோஸி அப்போது ஏற்றுமதி வளாகத்துக் கம்பெனியில் கையுறைகளை டஜன் டஜனாக அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே தெரு முழுவதற்கும் தெரிந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவர்களுக்கு ஒரே பெண், ரேஷ்மா. இருபத்திரண்டு வயது. பல்லாவரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் அடிக்கிற வேலை. பெண் என்று சொன்னேன் அல்லவா, அந்த ஒரு வார்த்தையில்தான் கதை முழுக்க இருக்கிறது.

ரோஸிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளையில்லை. ஊரப்பாக்கத்தில் இருந்த யேசுதாசனின் தங்கை ஞானம்மாளுக்கு மூத்தவன் ஜெபின் பிறந்து நாலு வருஷம் கழித்து ஒரு பெண் பிறந்தது. அவள் புருஷன் குடித்துவிட்டு வேலைக்குப் போகாத காலம் அது. மூன்று மாதக் குழந்தையை ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்மலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு யேசுதாசனின் சபையில் ஞானஸ்நான ஆராதனை. குழந்தையைக் கொண்டுவருகிற பெற்றோர் முன்னே வாருங்கள் என்று போதகர் கூப்பிட்டபோது ஞானம்மாள் எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்ததை ரோஸியின் கையில் வைத்து, "போங்க அண்ணி" என்றாள். ரோஸியும் யேசுதாசனும் போய் நின்றார்கள். போதகருக்கு எல்லாம் தெரியும். வயசான மனுஷர், கண்ணைத் துடைத்துக்கொண்டே பதிவேட்டில் தகப்பன் யேசுதாசன், தாய் ரோஸி என்று எழுதினார்.

அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். கர்த்தரின் சமூகத்தில், சபை பார்க்க, மையால் எழுதியாயிற்று. இதற்கு மேல் எந்த ஆபீசுக்குப் போக வேண்டும்? அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பள்ளிக்கூடச் சான்றிதழைக் காட்டி ஆதார் எடுத்தார்கள். ஆதாரைக் காட்டி ரேஷன் கார்டில் பெயர் ஏறியது. இப்படி அந்த ஒரு பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வருஷக் காகிதம் முளைத்தது. அரசாங்க ஆஸ்பத்திரி கொடுத்த பிறப்புச் சான்றிதழ் மட்டும் ஊரப்பாக்கத்தில் ஞானம்மாளின் டிரங்குப் பெட்டிக்குள், சீட்டுக் கம்பெனிப் பாஸ்புத்தகங்களுக்கு அடியில் கிடந்தது.

ரேஷ்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அவளாகக் கண்டுபிடித்தாள். அத்தை மகனை உலகத்தில் எந்தப் பெண்ணாவது அண்ணா என்று கூப்பிடுவாளா? இவளை மட்டும் சின்ன வயசிலிருந்து "ஜெபின் அண்ணான்னு கூப்பிடு" என்று அதட்டி அதட்டிப் பழக்கினார்கள். பத்தாவது படிக்கையில் ஒரு நாள் தோசை தின்றுகொண்டே, "ஏம்மா, என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அத்தை பையனை பேர் சொல்லிக் கூப்பிடறாங்க, நான் மட்டும் ஏன் அண்ணா?" என்று கேட்டாள். ரோஸி தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். யேசுதாசன்தான் உட்கார வைத்துச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இன்னொரு தோசை போடு" என்றாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சே அந்த வீட்டில் எழவில்லை. அத்தை அத்தையாகவே இருந்தாள்.

வீடு முக்கால் கிரவுண்டில் கட்டியது. யேசுதாசன் பெயரில் பத்திரம். கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. மேலே வாடகைக்கு ஆள் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கங்கையம்மாள் அந்த ஊரின் பழைய குடும்பம். அவளுடைய மாமனார் உழுத நிலத்தில்தான் இப்போது அந்தத் தெருவே இருக்கிறது. நாத்தனார் மச்சினர் என்று அவர்கள் வீட்டில் எட்டு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தவர்கள். அதனால் அவள் யேசுதாசனிடம் ஒரு தரம் சொன்னாள்: "தபாரு யேசு, ஒரு உயில எழுதி வெச்சுரு. நாளைக்கு பேஜாரு வராது." யேசுதாசன் சிரித்தார். நாலு பிள்ளை பெற்றவன் கவலைப்படட்டும், எனக்கு ஒற்றைப் பிள்ளை, எழுதினாலும் அவளுக்குத்தான், எழுதாவிட்டாலும் அவளுக்குத்தான் என்றார். ரோஸிக்கும் அது சரியென்றே பட்டது.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்தது. மின்சார இணைப்பில் பெயர் மாற்றுவதற்கு, வீட்டு வரிக்கு, பாங்கியில் இருந்ததை எடுப்பதற்கு, எங்கே போனாலும் வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டார்கள். மனைவி ரோஸி, மகள் ரேஷ்மா என்று இரண்டு பெயர். பத்து நாள் கழித்து விசாரணைக்கு வரச் சொல்லி கிராம நிர்வாக அலுவலர் போன் செய்தார். அக்கம்பக்கத்து ஆள் ஒருவர் வேண்டும், இறந்தவரின் ரத்த சொந்தம் ஒருவர் வந்து வேறு வாரிசு இல்லை என்று எழுதிக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்றார்.

ரத்த சொந்தம் என்றால் ஞானம்மாள்தான். ஒருத்தியே தங்கை. தாய் தகப்பன் போய் வருஷமாகிவிட்டது. ரோஸி தானேதான் போன் போட்டாள். தன் கையால், ஸ்பீக்கரில் போட்டு, வெங்காயம் நறுக்கிக்கொண்டே. "ஞானம், வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்துரும்மா, ஒரு கையெழுத்துதான்" என்றாள். இன்னொரு வெங்காயமும் நறுக்கியாயிற்று. பிறகு, "ஜெபினைக் கூட்டிக்கினு வரேன் அண்ணி" என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை அந்தச் சின்ன ஆபீஸ் அறையில் ரோஸி, ரேஷ்மா, கங்கையம்மாள் மூவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ரேஷ்மா அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கழுத்தில் ஸ்கேன் சென்டர் அட்டையோடு வந்திருந்தாள். ஞானம்மாள் வந்ததும் எழுந்து, "வாங்க அத்தை" என்று தன் இடத்தைக் கொடுத்தாள். ஞானம்மாள் உட்காரவில்லை. அண்ணன் சவப்பெட்டியை மூடும்போது மண்ணில் புரண்டு அழுதவள் அவள். அந்த அழுகை பொய்யில்லை. அதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஜெபின் கதவருகில் நின்றான். குரோம்பேட்டையில் பிளாட் விற்றுக் கொடுக்கிற ஆபீசில் அவனுக்கு வேலை. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

நிர்வாக அலுவலர் ஒரு சின்ன வயசுப் பெண். கங்கையம்மாளிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு ஞானம்மாள் பக்கம் திரும்பி, இறந்தவருக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று கேட்டாள். கூடப் பிறந்த தங்கை. அவருக்கு எத்தனை பிள்ளைகள்?

ஞானம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மேசைமேல் இருந்த மை டப்பாவைப் பார்த்தபடி சொன்னாள்:

"எங்க அண்ணனுக்குப் புள்ள இல்ல மேடம்."

ரோஸிக்கு முதலில் புரியவில்லை. துக்கத்தில் நாக்கு குழறுகிறது என்று நினைத்து, "ஞானம், ரேஷ்மாவைச் சொல்லும்மா" என்று எடுத்துக்கூடக் கொடுத்தாள்.

"அது நான் பெத்தது" என்றாள் ஞானம்மாள்.

ஜெபின் வந்து கவரிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தான். மேடம், தத்து எடுத்ததற்குக் கோர்ட் உத்தரவு எதுவும் கிடையாது, ஒரு பேப்பர் கிடையாது என்று மரியாதையாகத்தான் சொன்னான். அவன் ஆபீஸ் வக்கீலிடம் நன்றாகக் கேட்டுக்கொண்டு வந்திருந்தான். கிறிஸ்தவர்கள் சட்டப்படி பிள்ளை இல்லாமல் செத்தவன் சொத்தில் பெண்டாட்டிக்குப் பாதி; தாய் தகப்பன் இல்லையென்றால் மீதிப் பாதி கூடப் பிறந்தவர்களுக்கு. ஒருத்தியே தங்கை என்பதால் அந்தப் பாதி அவன் அம்மாவுக்கு.

கங்கையம்மாளுக்கு அடக்க முடியவில்லை. "இன்னா ஞானம், இத்தினி வருசம் அத்த அத்தன்னு கூப்பிட வுட்டுட்டு, இப்ப சொத்துன்னதும் புள்ளைன்றே?" என்றாள்.

"நீ சும்மாரு அக்கா. தெருவுல பாதி உன் பேர்ல கீது. உனுக்கு இது புரியாது."

ரேஷ்மா மேசைக்குக் கிட்டே வந்தாள். அந்தச் சான்றிதழை எடுத்துப் பார்த்தாள். தன் பிறந்த தேதி, பிறந்த நேரம், எடை. தாயின் பெயர் ஞானம்மாள். தினமும் நூறு பேருடைய ரிப்போர்ட்டை டைப் அடிக்கிற பெண். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். கழுத்தில் இருந்த அட்டையைக் கழற்றி மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று ரோஸி பல நாள் யோசித்தாள். அந்த அட்டையில் Y. ரேஷ்மா என்று இருந்தது, Y என்றால் யேசுதாசன்.

அலுவலர் பெண் பேனாவை மூடிவிட்டாள். தகராறு இருக்கிற மனுவை மேலே அனுப்ப முடியாது, கோர்ட்டுக்குப் போய்த் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்றாள்.

வக்கீல் சுந்தரவல்லிக்குத் தாம்பரத்தில் ஆபீஸ், ஸ்டேஷனுக்குக் கிழக்கே, மருந்துக்கடை மாடியில். ரோஸி அங்கே போகும்போது கங்கையம்மாளையும் கூட்டிக்கொண்டு போனாள். சுந்தரவல்லி பேப்பரையெல்லாம் புரட்டிவிட்டு, ஞானம்மாள் பேசாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றாள். ரேஷ்மா மகள் என்று நின்றிருந்தால் மூன்றில் ஒரு பங்கு ரோஸிக்கு, மூன்றில் இரண்டு பங்கு ரேஷ்மாவுக்கு, தங்கைக்கு ஒன்றுமில்லை. மகள் இல்லை என்றால் ரேஷ்மாவுக்கு ஒன்றுமில்லை.

கங்கையம்மாள், எங்கள் ஆட்களில் புருஷன் சொத்து பெண்டாட்டிக்குத்தான், கூடப் பிறந்தவள் எங்கிருந்து வந்தாள் என்று கேட்டாள். உங்களுக்கு ஒரு சட்டம், இவர்களுக்கு ஒரு சட்டம் என்றாள் சுந்தரவல்லி. ஒரே சுவரைப் பிடித்துக்கொண்டு முப்பது வருஷம் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஞானஸ்நானப் பதிவேடு ஜெயிக்காதா என்று ரோஸி கேட்டாள். அது ஞானஸ்நானம் கொடுத்ததற்குத்தான் சாட்சி, தத்துக் கொடுத்ததற்கு இல்லை என்றாள் வக்கீல். வேண்டுமானால் வழக்குப் போடலாம். வருஷக் கணக்கில் இழுக்கும். ரேஷ்மாவைக் கூண்டில் ஏற்றி, நீ யார் பெண் என்று கேட்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரோஸி ஆராதனைக்குப் போகவில்லை. ரயில் ஏறி ஊரப்பாக்கம் போனாள். கையில் ஒன்றும் வாங்கிக்கொள்ளாமல் போனது அதுதான் முதல் தடவை. ஞானம்மாள் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்தாள். ரோஸி குடித்தாள். நாத்தனாரும் அண்ணியும் நல்லபடியாகத்தான் பேசத் தொடங்கினார்கள்.

ரோஸி போகும்போதே மனசில் ஒரு வாக்கியத்தைச் செதுக்கி வைத்துக்கொண்டு போயிருந்தாள். அதைச் சொன்னாள்: "ஞானம், நீ கையெழுத்து போட்டா மூணுல ரெண்டு பங்கு யாருக்குப் போகுது? உன் வயித்துல பொறந்ததுக்குத்தானே போகுது. அதைப் புடுங்கிப் பாதியாக்கி நீ வாங்கிக்கிறதுல உனக்கு என்னம்மா கிடைக்குது?"

ஞானம்மாள் கையில் இருந்த நாரைப் பக்கெட்டில் போட்டாள்.

"ரெண்டும் நான் பெத்ததுதான் அண்ணி. ஒண்ணு உங்க வூட்ல இங்கிலீஷ் மீடியம் படிச்சுது, ஃபேன் போட்ட ரூம்ல தூங்குச்சு. இன்னொண்ணு இவங்க அப்பன்கிட்ட அடி வாங்கிக்கினு ஒம்பதாவதோட நின்னுச்சு. அவளுக்கு எல்லாம் கெடைச்சுட்சு. இவனுக்கு நான் இன்னா குடுத்தேன், சொல்லுங்க. எங்க அண்ணன் வூட்லேர்ந்து இவனுக்கு ஒரு ரூம்பு கெடைச்சா இன்னா தப்பு?"

"கேட்டிருந்தா அவரு குடுத்திருப்பாரு."

"கேக்கணும். எல்லாத்தையும் கேக்கணும்." ஞானம்மாளின் குரல் உயரவில்லை, அதுதான் ரோஸிக்குப் பயமாக இருந்தது. "அவளை ஒரு நாள், ஒரே ஒரு நாள் இங்க ராத்தங்க அனுப்புங்கன்னு கேட்டேன். எத்தினி கிறிஸ்மஸ்க்கு கேட்டேன்? கொசுன்னீங்க, எக்ஸாமுன்னீங்க. நான் தெச்ச கவுனை டைட்டா கீதுன்னு திருப்பிக் குடுத்து வுட்டீங்க. நான் அளவெடுத்துதான் தெச்சேன் அண்ணி. தூங்கும்போது அளவெடுத்தேன்."

 ரோஸிக்கு அந்தக் கவுன் நினைவிருந்தது. மஞ்சள் நிறம், கையில் சின்னச் சின்ன லேஸ். சரியாகத்தான் இருந்தது. ஐந்து வயது ரேஷ்மா அதைப் போட்டுக்கொண்டு கழற்றமாட்டேன் என்று அத்தை மடியில் போய் உட்கார்ந்ததைப் பார்த்து அன்றைக்கு ரோஸிக்கு வயிறு எரிந்தது. பிள்ளை அந்தப் பக்கம் சாய்ந்துவிடுமோ என்ற பயம். பெறாதவளுக்கு அந்தப் பயம் ஒரு நாள்கூட விடாது, கண்ணுகளா. அந்தப் பயத்தில்தான் ஊரப்பாக்கம் வழியையே அவள் அடைத்து வைத்தாள். இருபத்திரண்டு வருஷம் வாசலை அடைத்து வைத்தவளே போன் போட்டு, வந்து ஒரு கையெழுத்துப் போடு என்று கூப்பிட்டாள்.

"அப்ப தப்பு பண்ணிட்டேன்" என்றாள் ரோஸி. "அதுக்கு என்னைத் தண்டி. அவளை ஏன் தண்டிக்கிற?"

"நான் யாரையும் தண்டிக்கல. எங்க அண்ணனுக்குப் புள்ள இல்ல. அது பொய்யா?"

ரயிலில் திரும்பி வரும்போது பெருங்களத்தூரில் கூட்டம் ஏறியது. ரோஸிக்கு உட்கார இடம் கொடுத்த பெண், ஏன் ஆண்ட்டி அழறீங்க என்று கேட்டாள். கண்ணில் தூசி என்று சொல்லத் தோன்றவில்லை ரோஸிக்கு. வீட்டில் ஒரு சண்டை என்றாள்.

வீட்டுக்கு வந்து, வழக்குப் போடலாம் என்றுதான் முடிவாகச் சொன்னாள். வருஷமானால் ஆகட்டும். நகை இருக்கிறது, விற்கலாம். ரேஷ்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் சட்டைகள் இரண்டு இன்னும் துவைத்துத் துவைத்து மடிக்கப்பட்டுக்கொண்டிருந்தன அந்த வீட்டில்.

"வேணாம்மா."

"உன் பங்குடி அது."

"கூண்டுல ஏறி நின்னு நான் யாரு பொண்ணுன்னு ஒருத்தர் கேக்க, நான் பதில் சொல்ல மாட்டேன். சைன் பண்ணிக் குடுத்துரு. பாதி அவங்களுக்கு. ஃபினிஷ்."

ரோஸி எவ்வளவோ கெஞ்சினாள். அந்தப் பெண் அசையவில்லை. ரோஸிக்கு இந்த வீடு முக்கியமில்லை, கண்ணுகளா, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏதாவது ஒரு அரசாங்கக் காகிதத்தில் யேசுதாசன், ரோஸி, மகள் ரேஷ்மா என்று மூன்று பெயரும் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

பாகப்பிரிவினைப் பத்திரம் ஆயிற்று. கீழ் வீடு ரோஸிக்கு, மேல் வீடு ஞானம்மாளுக்கு, படிக்கட்டும் தண்ணீர்த் தொட்டியும் பொது. பத்திரத்தின் முதல் பத்தியில், மேற்படி யேசுதாசன் உயில் ஏதும் எழுதாமலும் சந்ததி இல்லாமலும் காலமாகிவிட்டார் என்று இருந்தது. சுந்தரவல்லி அதைப் படித்துக் காட்டினாள். சார்பதிவாளர் ஆபீசில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, விரல் ரேகை, கேமராவைப் பார்த்து ஒரு போட்டோ. முதலில் ஞானம்மாள், பிறகு ரோஸி. ரோஸியின் விரல் சரியாக விழவில்லை என்று மூன்று தரம் அழுத்தச் சொன்னார்கள். அத்தனை வருஷம் பெட்டி ஒட்டின விரல், ரேகை தேய்ந்துவிட்டது.

வாடகைக்காரர்கள் காலி செய்தார்கள். மேல் வீட்டுக்கு ஞானம்மாளும் ஜெபினும் குடிவந்தார்கள். பால் காய்ச்சுகிற அன்று ஞானம்மாள் கீழே வந்து கதவைத் தட்டி ஒரு டம்ளர் பால் கொடுத்தாள். ரோஸி வாங்கிக்கொண்டாள். வாங்காமல் இருக்க அவளுக்குத் தெரியவில்லை. ரேஷ்மா வேலைக்குப் போகும்போது ஞானம்மாள் மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ரேஷ்மா நிமிர்ந்து, "சொல்லுங்க" என்பாள். அத்தை என்ற வார்த்தை போய்விட்டது. வேறு வார்த்தை அதன் இடத்துக்கு வரவில்லை. பாதி வீடு கிடைத்தவள் அந்தச் "சொல்லுங்க"வுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், "ஒண்ணுமில்ல, பாத்துப் போ" என்பாள். அவள் முகத்தைக் கங்கையம்மாள் தன் மாடியிலிருந்து பார்த்திருக்கிறாள். "வாங்கிக்கினு இன்னா பிரயோஜனம், தொண்டையில முள்ளு மாட்ன மாதிரி நிக்கறா" என்று ரோஸியிடம் சொன்னாள். ரோஸிக்கு அதில் சந்தோஷம் வரவில்லை.

தனக்கும் ஏதாவது ஆகிவிட்டால் என்ற எண்ணம் வந்தபிறகு ரோஸியால் தூங்க முடியவில்லை. ஆவடியில் அவளுக்கு இரண்டு அண்ணன்மார். எழுதி வைக்காமல் போனால் கீழ் வீடு அவர்களுக்குப் போகும், ரேஷ்மா மறுபடியும் ஒன்றுமில்லாமல் நிற்பாள் என்று சுந்தரவல்லியே ஒரு தரம் சொல்லியிருந்தாள். ஆகவே ஒரு சனிக்கிழமை தாம்பரத்துக்குப் போய், உயில் எழுத வேண்டும் என்றாள். சாட்சிக்குக் கங்கையம்மாளும் அவள் மருமகளும் வந்தார்கள்.

சுந்தரவல்லி கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டே வந்தாள். எனது காலத்துக்குப் பிறகு மேற்படி சொத்து முழுவதும், என்று வந்ததும் நிறுத்தினாள்.

ரோஸி, "என் மகள் ரேஷ்மாவுக்கு" என்றாள்.

"அக்கா, பாகப்பிரிவினைல உங்க வீட்டுக்காரருக்குப் பிள்ளை இல்லைன்னு நீங்களே சைன் பண்ணியிருக்கீங்க. இதுல மகள்னு போட்டா ரெண்டும் முட்டும். உங்க அண்ணன்மாருங்க அதைப் பிடிச்சுப்பாங்க. நம்ம பொண்ணுக்குத்தான் கஷ்டம்."

"வளர்த்த மகள்னு?"

"போடலாம். ஆனா அதுக்கு முன்னாடி யாருக்குப் பொறந்தவன்னு தெளிவாப் போட்டுடணும். அப்பதான் எவனும் கேள்வி கேக்க முடியாது. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

கங்கையம்மாள் ரோஸியின் முதுகில் கையை வைத்தாள். கீழே ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அது போகட்டும் என்று காத்திருந்துவிட்டு ரோஸி சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையாக, வக்கீல் அடிக்கிற வேகத்துக்கு நிறுத்தி நிறுத்தி: ஞானம்மாளின் வயிற்றில் பிறந்து, என்னால் வளர்க்கப்பட்ட ரேஷ்மா. தாயின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தது. அதையும் அவளே சொல்லித் திருத்தினாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து கவரை அலமாரியில் வைக்கப் போனவளிடம் ரேஷ்மா கையை நீட்டினாள். படிக்காதே என்று எப்படிச் சொல்வது? அவளுக்காக எழுதினதுதானே. ரேஷ்மா நின்றபடியே படித்தாள். இரண்டாவது பக்கத்தில் அவள் கண் நின்ற இடம் ரோஸிக்குத் தெரிந்தது.

"நீயுமாம்மா?" என்றாள்.

ரோஸி வக்கீல் சொன்னதையெல்லாம் சொன்னாள். அண்ணன்மார், முட்டும், கேள்வி கேட்க முடியாது. ரேஷ்மா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். புரிந்தது அவளுக்கு, புரியாத பெண் இல்லை. காகிதத்தை மடிப்பு மாறாமல் மடித்துக் கவரில் போட்டுக் கொடுத்தாள். பிறகு முகம் கழுவப் போனவள் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. மேலே ஞானம்மாள் நடக்கிற சத்தம் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கும், அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. ரோஸி சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு, அது ஆறிப்போகிறவரை அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவ்வளவுதான், என் கண்ணுகளா. எழுந்திருங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டில் பெற்றவளும் வளர்த்தவளும் ஒரே தட்டில் கையை வைத்துச் சாப்பிடட்டும். உங்கள் பிள்ளைகள் யாரை அம்மா என்று கூப்பிட்டாலும் அந்த வாய்க்கு எந்த ஆபீசும் சாட்சி கேட்காதிருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கையும் காலும் நன்றாக இருக்கும்போதே, சிரித்துக்கொண்டே, பெயர் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு நூறு வயசு இருக்கட்டும். உங்கள் வாசல் யாருக்கும் அடைபடாமல், உங்கள் படிக்கட்டில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் உறவு சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நீங்கள் நன்றாயிருக்க வேண்டும். பத்திரமாகப் போய் வாருங்கள்.